ஸ்னோ ஒயிட் லைவ் ஆக்‌ஷன் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1937இல் எடுத்த ஸ்னோ ஒயிட் அனிமேஷன் படத்தை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்து, 2025 மார்ச் 21 அன்று திரைக்குக் கொண்டுவந்தது. மார்க் வெப் இயக்கிய இப்படத்தில் ரேச்சல் செக்லர் ஸ்னோ ஒயிட்டாகவும் கேல் கடோட் பொல்லாத அரசியாகவும் நடித்தார்கள். கொண்டாடியவர்களும் உண்டு, வசைபாடியவர்களும் உண்டு; படத்தைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னவர்கள் இரு தரப்பிலும் உண்டு. இப்படத்தையும் இதே வகையில் வந்த வேறு சில படங்களையும் குறித்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவும் பேசப்படுகிறது என்பதால், படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே படத்தைப் பற்றி இவ்வளவு முரண்பட்ட கருத்துகள் ஏன்?

ஸ்னோ ஒயிட் என்று ஒருவர் சொல்லும்போது எதை நினைத்துச் சொல்கிறார் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய கதை ஒன்று, 1937 அனிமேஷன் படம் ஒன்று, இப்போதைய படம் ஒன்று என மூன்று படைப்புகள் இந்தப் பேச்சில் கலந்திருக்கின்றன. “கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்பவர் பெரும்பாலும் அனிமேஷன் படத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார். “பழைய கதை இந்தக் காலத்துக்குப் பொருந்தாது, மாற்றியது நல்லதுதான்” என்பவரும் அதே அனிமேஷன் படத்தைத்தான் எதிர்க்கிறார். முன்பின் தெரியாமல் வந்து அமரும் குழந்தையோ புதிய படத்தை மட்டும் பார்க்கிறது; அதற்குப் பாட்டும் காட்டு விலங்குகளும் பிடித்திருந்தால் போதும்.

இதில் சிறுவயது நினைவும் கலந்துவிடுகிறது. ஆறு வயதில் பார்த்த படத்தை யாரும் குறைநிறை ஆராய்ந்து மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. அந்த நினைவோடு போட்டி போட்டு எந்தப் புதுப்படமும் முழுமையாக ஜெயிக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லிப் புதுப்படத்தின் குறைகளை மூடி மறைப்பதும் தவறு. எதை மாற்றினார்கள் என்பதைவிட, மாற்றியது கதைக்குள் நின்றதா என்று கேட்பதே நியாயமான கேள்வி என்பது என் கருத்து.

மூலக்கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு சரியா?

மூலக்கதையை எடுத்துப் படித்தவர்கள் இந்தக் குற்றச்சாட்டை இவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் பொல்லாத அரசி சிற்றன்னை அல்லள், பெற்ற தாய். 1819இல் வந்த அடுத்த பதிப்பில்தான், பெற்றவளே மகளைக் கொல்லத் துணிவதை அச்சில் வைக்க மனமில்லாமல், அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். கொல்லச் சொல்லி அனுப்பிய வேடன் காட்டுப்பன்றியின் நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவந்து கொடுக்க, அவை மகளுடையவை என்று நம்பி அரசி சமைத்து உண்கிறாள். அவள் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முயல்வதும் ஒருமுறை மட்டுமன்று: முதலில் மேற்சட்டையின் கயிற்றை இறுக்கி, பிறகு நஞ்சு தடவிய சீப்பால், கடைசியாகத்தான் ஆப்பிளால்.

அந்தக் கதையில் முத்தமும் கிடையாது. 1812 பதிப்பில், அவள் கிடக்கும் சவப்பெட்டியைப் போகுமிடமெல்லாம் சுமந்து சலித்துப்போன பணியாளன் ஒருவன் ஆத்திரத்தில் அவள் முதுகில் ஓர் அடி வைக்க, தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் உயிர்பெறுகிறாள். பின்னாளைய பதிப்புகளில் பெட்டியைத் தூக்கிச் செல்பவர்கள் இடறியதால் துண்டு வெளிப்படுவதாக அது மென்மையாக்கப்பட்டது. திருமண விருந்துக்கு வந்த அரசிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிவித்து, செத்து விழும்வரை ஆடவைப்பதுதான் அங்கே முடிவு. 1937 படத்தில் அவள் பாறை உச்சியிலிருந்து விழுந்து இறக்கிறாள். 2025 படத்தில் தன் பேசும் கண்ணாடியை உடைத்து, அந்தக் கண்ணாடியோடு தானும் அழிகிறாள்.

நூற்றாண்டுதோறும் முடிவு மாறிக்கொண்டே வந்த கதை இது. ஆகவே, “மாற்றியதே குற்றம்” என்று வாதாடினால் முதலில் கூண்டில் ஏறவேண்டியது 1937 படம்தான்.

அப்படியானால் 1937 படமும் ஒரு ரீமேக் என்று சொல்லலாமா?

ஒருவகையில் சொல்லலாம். மார்கரித் கிளார்க் நடித்த ஸ்னோ ஒயிட் மௌனப்படம் 1916இல் வெளிவந்தது. கேன்சஸ் சிட்டியில் செய்தித்தாள் விற்கும் சிறுவர்களுக்காக நடந்த இலவசக் காட்சியில் அதைப் பார்த்தவர்களில் சிறுவன் வால்ட் டிஸ்னியும் ஒருவர். அந்த நினைவுதான் தம் முதல் முழுநீளப் படத்துக்கு இந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதாவது நடிகர்கள் நடித்த படம் முந்தியது, அனிமேஷன் பிந்தியது.

அன்றும் வரவேற்பு முன்கூட்டியே நல்லதாக இருந்துவிடவில்லை. ஒன்றரை மணி நேரம் யார் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டு, படம் தயாரிப்பில் இருக்கும்போதே அதை “டிஸ்னியின் மடமை” என்று ஹாலிவுட்டில் அழைத்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில் முடிந்த படம் 1937 டிசம்பர் 21 அன்று முதல்முறை திரையிடப்பட்ட பிறகுதான் பேச்சு மாறியது. 1939 ஆஸ்கர் விழாவில் ஒரு முழு அளவுச் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் சேர்த்து டிஸ்னிக்குச் சிறப்பு விருதாக வழங்கப்பட்டன.

இளவரசனை ஏன் நீக்கினார்கள்?

1937 படத்தின் இளவரசனுக்குப் பெயர் கிடையாது. தொடக்கத்தில் கிணற்றடியில் ஒரு பாட்டுக்கு வருகிறான், கடைசியில் முத்தமிட வருகிறான், அவ்வளவுதான். மனித ஆணின் உருவத்தை நம்பும்படி வரைந்து அசைப்பது அன்றைய கலைஞர்களுக்குக் கடினமாக இருந்ததால் அவனுடைய காட்சிகள் குறைக்கப்பட்டன என்பதும் அறியப்பட்ட செய்தி. இப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தை இன்று அப்படியே வைத்திருந்தாலும் விமர்சனம் வந்திருக்கும்.

புதுப்படம் அவனுக்குப் பதிலாக ஜொனாதன் என்ற காட்டுக் கொள்ளையனைக் கொண்டுவருகிறது. அரண்மனை உருளைக்கிழங்கைத் திருடி மாட்டிக்கொள்பவனாக அறிமுகமாகி, கதாநாயகியோடு சண்டையிட்டு, பிறகு நட்பாகிறான். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்; இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கதை நேரம் தருகிறது. ஆனால் அதற்குப் பிறகு படம் தயங்கிவிடுகிறது. காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக அவளைக் காட்டக் கூடாது என்று தீர்மானித்தவர்கள், அவளை உயிர்ப்பிக்க மட்டும் பழைய முத்தத்தையே நம்பியிருக்கிறார்கள். முத்தமே இல்லாத கிரிம் கதை கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பழமையை விரும்பியவர்களுக்கு இளவரசன் போனது குறை. புதுமையை விரும்பியவர்களுக்கு முத்தம் நின்றது குறை. இரு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து இரு பக்கத்தையும் இழந்த இடம் இது.

ஏழு குள்ளர்கள் பற்றிய சர்ச்சை என்ன?

உயரம் குறைந்த நடிகரான பீட்டர் டிங்க்லேஜ் 2022 ஜனவரியில் ஒரு பேட்டியில் இதை எழுப்பினார். கதாநாயகியைத் தேர்ந்தெடுப்பதில் முற்போக்காக இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம், குகையில் கூடி வாழும் ஏழு குள்ளர்களின் கதையை மட்டும் யோசனையில்லாமல் மறுபடி எடுப்பது ஏன் என்று கேட்டார். பழைய படத்தின் ஒரே அச்சில் வார்த்த சித்திரிப்புகளை வலுப்படுத்தாமலிருக்க இந்த ஏழு பாத்திரங்களையும் வேறு விதமாக அணுகுவதாகவும், உயரம் குறைந்தவர்களின் சமூகத்தோடு கலந்து பேசுவதாகவும் டிஸ்னி பதிலளித்தது.

முடிவில் ஏழு பேரும் கணினி வரைகலையில் உருவாக்கப்பட்டார்கள். அப்போது எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பெரிய படங்களில் உயரம் குறைந்த நடிகர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளே சொற்பம், அதிலும் ஏழு வேடங்களைப் பறித்துக் கணினியிடம் கொடுத்துவிட்டீர்களே என்று அத்தகைய நடிகர்கள் பலர் கேட்டார்கள். ஜொனாதனின் கூட்டத்தில் உயரம் குறைந்த நடிகர் ஒருவர் இருக்கிறார் என்றாலும், அது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இரு தரப்பின் கவலையும் உண்மையானது. மரியாதையோடு எழுதப்பட்ட ஏழு வேடங்களை ஏழு நடிகர்களுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு கவலைகளுக்கும் ஒருசேரப் பதில் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். பெயரும் குணமும் இல்லாமல் கிரிம் கதையில் வந்தவர்களுக்கு 1937இல் தனித்தனிக் குணம் கொடுத்தவர்கள் திரைக்கலைஞர்களே. அதே வேலையை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோக இடமிருந்தது.

கார்ட்டூனில் ரசித்த குள்ளர்கள் புதுப்படத்தில் ஏன் உறுத்துகிறார்கள்?

இதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைவு அன்று. தொழில்நுட்பம் தேவைக்கு மேல் நேர்த்தியாக இருப்பதுதான். 1937இல் இருவகையான உருவங்களை இருவகையாக வரைந்தார்கள். ஸ்னோ ஒயிட்டுக்கு மார்ஜோரி பெல்ச்சர் என்ற இளம் நடனக் கலைஞரை ஆடவைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்தார்கள். குள்ளர்களையோ கோட்டின் சுதந்திரத்தில் விட்டார்கள்; உணர்ச்சிக்கேற்ப முகம் நீளும், கன்னம் உப்பும், உடல் முழுவதும் வளையும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கத்துக்குப் புறப்படும் ஏழு பேருக்கும் ஸ்னோ ஒயிட் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து வழியனுப்புகிறாள். ஏழு பேரில் ஒருவனான டோப்பி முத்தம் வாங்கியதும் வீட்டைச் சுற்றி ஓடி, ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து மறுபடி வரிசைக்கு வந்து நிற்கிறான். சிடுசிடுப்பவனான கிரம்பி, முத்தம் கிடைத்ததும் முறைத்துக்கொண்டே நடக்கிறான். சில அடிகள் போனபின் முகம் தானாக இளகி, பெருமூச்சு விட்டு, பிறகு மரத்தில் முட்டிக்கொள்கிறான். அந்த இளகல் சில நொடிகளில், புருவமும் வாயோரமும் இறங்கும் இரண்டு கோடுகளில் நிகழ்கிறது.

புதுப்படத்தில் அதே பெரிய மூக்கும் அதே அகன்ற காதும் இருக்கின்றன. ஆனால் தோலில் துளைகளும் சுருக்கங்களும் மயிர்க்கால்களும் உண்மைபோலவே தெரிகின்றன. தோல் மனிதத் தோலாகவும் அளவுகள் கார்ட்டூன் அளவுகளாகவும் இருக்கும்போது கண் எதை நம்புவது என்று தடுமாறுகிறது. பக்கத்தில் உண்மையான நடிகை நிற்பதால் அந்தத் தடுமாற்றம் கூடுகிறது. 2019 லயன் கிங் படத்தில் நிஜச் சிங்கம்போல் இருந்த முகத்தில் துக்கம் தெரியவில்லை என்றும், 2023 லிட்டில் மெர்மெய்ட் படத்தில் மீனும் நண்டும் ஒட்டவில்லை என்றும் வந்த விமர்சனங்களுக்கும் ஏறக்குறைய இதுவே அடிப்படை.

கதாநாயகியின் நிறம் பற்றிய எதிர்ப்பில் நியாயம் இருக்கிறதா?

இரண்டு படங்களிலும் இந்தக் கேள்வி எழுந்தது. லிட்டில் மெர்மெய்டில் கறுப்பினப் பாடகி ஹாலி பெய்லி நடித்தபோது வந்த எதிர்ப்புக்குக் கதையில் எந்த ஆதாரமும் இல்லை. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட மூலக்கதையில் கடற்கன்னியின் தோற்ற வர்ணனை உண்டு என்றாலும், கதையின் ஓட்டம் அவள் நிறத்தைச் சார்ந்து நகர்வதே இல்லை. குரலை விற்றதும், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் வலி பொறுத்ததும்தான் அந்தக் கதை. குரலை மையமாகக் கொண்ட பாத்திரத்துக்குப் பெய்லியின் குரலைவிடப் பொருத்தம் வேண்டுமா?

ஸ்னோ ஒயிட்டில் நிலைமை சற்று வேறு. பனிபோல் வெண்மை, இரத்தம்போல் சிவப்பு, கருங்காலிபோல் கறுப்பு என்று தாய் விரும்பியதிலிருந்தே பெயர் வருகிறது. எனவே காரணம் சொல்லும் கடமை படத்துக்கு இருந்தது. கடும் பனிப்பொழிவில் பிறந்ததால் அந்தப் பெயர் என்று சொல்லி அதை நிறைவேற்றியது. எனக்கு அது போதுமானதாகப்பட்டது. தாயின் வழியில் கொலம்பிய மரபுடைய செக்லர் மீது இணையத்தில் கொட்டப்பட்ட இனவெறிச் சொற்களைத் திரை விமர்சனம் என்று யாரும் கருத வேண்டியதில்லை.

நடிகைகள் வெளியில் பேசியது படத்தைப் பாதித்ததா?

பாதித்தது. பழைய படத்தின் இளவரசன் கதாநாயகியைப் பின்தொடர்ந்து தொல்லைப்படுத்துபவன்போல இருக்கிறான் என்று செக்லர் 2022இல் ஒரு பேட்டியில் சிரித்தபடி சொன்னது, 2023இல் துண்டு வீடியோவாகப் பரவி, அந்தப் படத்தை நேசிப்பவர்களைப் புண்படுத்தியது. பாலஸ்தீனம் குறித்து அவர் தெரிவித்த கருத்தும், இஸ்ரேலியரான கடோட்டின் நிலைப்பாடும் சேர்ந்து, படத்துக்குச் சம்பந்தமில்லாத அரசியல் சண்டையையும் உள்ளே இழுத்துவந்தன. ஒரு பாத்திரத்தை நடித்தவர் பேட்டியில் என்ன சொன்னார் என்பதைக் கொண்டு அவர் நடிப்பை அளப்பது முறையன்று. படத்தைக் கடுமையாகச் சாடிய விமர்சகர்களில் பலரும் செக்லரின் பாட்டையும் நடிப்பையும் பாராட்டியே எழுதினார்கள். கடோட்டின் நடிப்புக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை; பாடும் காட்சிகளில் அவர் தடுமாறுவது எனக்கும் தெரிந்தது.

பழைய பாடல்கள் இருக்கின்றனவா?

“ஹை ஹோ” பாடலும் “விசில் வைல் யூ வொர்க்” பாடலும் இருக்கின்றன. இளவரசன் ஒருநாள் வருவான் என்று பாடும் பழைய பாட்டு இல்லை. கிணற்றடியில் செக்லர் பாடும் “வெயிட்டிங் ஆன் எ விஷ்” என்ற புதிய பாட்டு இருக்கிறது. புதிய பாடல்களை எழுதியவர்கள் பெஞ்ச் பேசெக்கும் ஜஸ்டின் பாலும்.

விசில் பாட்டில் செய்த மாற்றம் எனக்குப் பிடித்த ஒன்று. பழைய படத்தில் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்த ஸ்னோ ஒயிட், அணில்களையும் மான்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாதவர்களின் பாத்திரங்களைத் துலக்குகிறாள். புதுப்படத்தில் வீட்டுக்காரர்களான ஏழு பேரையும் வேலை வாங்கி அவர்கள் வீட்டை அவர்களையே சுத்தம் செய்யவைக்கிறாள். தலைமை ஏற்கத் தகுந்தவள் என்று வசனத்தில் பலமுறை சொல்லப்படும் செய்தி இந்த ஒரு பாட்டில் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

ரீமேக்குகள் ஏன் மூலப்படத்தைவிட நீளமாக இருக்கின்றன?

1937 படம் 83 நிமிடம், 2025 படம் 109 நிமிடம். பியூட்டி அண்ட் தி பீஸ்ட் 84 நிமிடத்திலிருந்து 129 ஆனது. லிட்டில் மெர்மெய்ட் 83இலிருந்து 135 ஆனது. கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி விளக்கம் சொல்வதற்கே போகிறது. கதாநாயகி பெல்லின் தாய் எங்கே, சாபம் பெற்ற அரண்மனையை ஊர்மக்கள் ஏன் மறந்தார்கள் என்று 1991 படத்தைப் பார்த்தவர்கள் விளையாட்டாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 2017 படம் பதில் தேடியது. தேவதைக் கதைக்கு இத்தனை விளக்கம் தேவையில்லை. கண்ணாடி ஏன் பேசுகிறது என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை.

இணையத்தில் வரும் மதிப்பெண்களை நம்பலாமா?

ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் படத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்லாது. ஐஎம்டிபி தளத்தில் யாரும் வாக்களிக்கலாம் என்பதால், கூட்டமாக வந்து பத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போவதும் நடக்கும். லிட்டில் மெர்மெய்டுக்கு வழக்கத்துக்கு மாறான வாக்குப்பதிவு நடப்பதாக அத்தளமே அறிவிப்பு வைத்தது. சினிமாஸ்கோர் மட்டும் வெளியீட்டு நாளில் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கேட்பது. அங்கே ஸ்னோ ஒயிட்டுக்கு பி பிளஸ் கிடைத்தது. குடும்பப் படத்துக்கு அது சுமாரான தரம்தான். ஆனாலும் இணையத்தில் பேசப்பட்ட பேரழிவு அதில் இல்லை.

படம் நஷ்டமடைந்ததே, ரீமேக்குகள் இனி நிற்குமா?

உலகளவில் 20 கோடி டாலரைச் சற்றே தாண்டிய வசூல், அதைவிட அதிகமாகச் செய்யப்பட்ட செலவை மீட்கவில்லை. ஆனால் 2017 பியூட்டி அண்ட் தி பீஸ்ட் 120 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது என்பதைத் தயாரிப்பாளர்கள் மறக்க மாட்டார்கள். கிரிம் கதை எவருக்கும் பொதுவானது. 2012 என்ற ஒரே ஆண்டில் மட்டும் இந்தக் கதையை வைத்து இரண்டு ஹாலிவுட் படங்களும் ஸ்பெயினிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை மௌனப்படமும் வந்தன. ஆனால் டோப்பி, கிரம்பி போன்ற பெயர்களும் அந்தப் பாடல்களும் டிஸ்னியின் உரிமைக்குள் இருப்பவை. அந்த உரிமையைப் புழக்கத்தில் வைத்திருக்க ரீமேக் ஒரு வழி.

இந்த வகையில் நன்றாக அமைந்த படம் எது?

கென்னத் பிரானா இயக்கிய 2015 சின்ட்ரெல்லாவை முதலில் சொல்வேன். அது பழைய படத்தின் பாட்டுகளை விட்டுவிட்டு இசைப்படமாக இல்லாமலே வந்தது. அதனால் 1950 படத்தோடு காட்சிக்குக் காட்சி ஒப்பிடும் தேவை எழவில்லை. விருந்துக்கு முன்பே காட்டில் இருவரையும் சந்திக்கவைத்துக் காதலுக்குக் காரணம் கொடுத்தது. கேட் பிளாஞ்செட்டின் சிற்றன்னை கணவனை இழந்த கசப்போடு பேசும் இடத்தில், மன்னிக்க முடியாவிட்டாலும் புரிந்துகொள்ள முடிகிறது. கண்ணாடிச் செருப்பு, பூசணி வண்டி, நடுநிசி மணி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் படம் எதையும் பாதியில் விடவில்லை என்பதே அதன் பலம்.

குழந்தைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

1937 படத்தை முதலில் காட்டுங்கள். ஆனால் ஸ்னோ ஒயிட் காட்டுக்குள் ஓடும்போது மரங்கள் கைநீட்டிப் பிடிக்க வருவதும், அரசி கிழவியாக மாறுவதும் சிறு குழந்தைகளை உண்மையிலேயே அச்சுறுத்தும். பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. சில நாள் கழித்துப் புதுப்படத்தைக் காட்டி, எது எப்படி மாறியிருக்கிறது என்று அவர்களையே சொல்லவிடலாம். கிரிம் கதையின் பழைய பதிப்பைப் பத்து வயதுக்கு மேல் படிக்கக் கொடுக்கலாம். அதற்கு முன் கொடுப்பதானால் இரும்புக் காலணிகள் வரும் கடைசிப் பத்தியை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.